நின்று ஆடும் வாலிபால்: பாராலிம்பிக் வரை போக முடியுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 19. பைக் விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு ஊர் டீமில் வாலிபால் ஆடுகிறான், ஸ்மாஷ் பிரமாதமாக அடிப்பான். பாராலிம்பிக் போக முடியுமா? இதை நம்பி வாழலாமா?

பதில்: நின்று ஆடும் வாலிபால் இன்று பாராலிம்பிக்கில் இல்லை. 1980-ல் நெதர்லாந்தின் ஆர்னம் நகரில் நின்று ஆடுவது, உட்கார்ந்து ஆடுவது இரண்டுமே பதக்கப் போட்டிகளாக இருந்தன. 2000 சிட்னியோடு முதலாவதை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகும் கம்போடியாவில் கண்ணிவெடிக்குக் கால் கொடுத்தவர்கள் தனி லீக் வைத்து ஆடினார்கள். எனக்கு மிகவும் பிடித்த அணிகள் அவை. ஆனாலும் பாராலிம்பிக்கில் அந்த ஆட்டத்துக்கு மறுபடி இடம் கிடைக்கவில்லை.

உட்கார்ந்து ஆடும் வாலிபால்தான் இன்றும் அங்கே இருக்கிறது, எனவே தம்பி தரையில் உட்கார்ந்து ஆடப் பழக வேண்டும். இதை இறக்கமாக நினைக்க வேண்டாம், ஆட்டம் இன்னும் வேகமானது. மைதானம் 10 மீட்டருக்கு 6 மீட்டர், ஆண்களுக்கு வலை உயரம் 1.15 மீட்டர்தான். எதிரணியின் சர்வீஸையே பிளாக் செய்யலாம். ஸ்மாஷ் அடிக்கும்போது இடுப்பு தரையைவிட்டு எழுந்தால் ஃபவுல். கையை ஊன்றி நகர்ந்து, அடுத்த நொடி அதே கையால் பந்தை எடுக்க வேண்டும். நன்றாக ஆடுகிறவர்களே முதல் வாரம் இதில் தடுமாறுவார்கள். பந்து இல்லாமல் தினமும் அரை மணி நேரம் நகர மட்டும் பழகட்டும். அடிக்கும் கையும் பந்தைக் கணிக்கும் கண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன.

குறைபாட்டின் அளவைப் பொறுத்து வீரர்களை விஎஸ்1, விஎஸ்2 என்று பிரிப்பார்கள். லேசான குறைபாடுள்ள விஎஸ்2 வீரர் ஒரே நேரத்தில் ஒருவர்தான் களத்தில் இருக்கலாம். முழங்காலுக்குக் கீழ் கால் இழந்தவர்கள் பெரும்பாலும் விஎஸ்1-தான், அணியில் அவர்களுக்குத் தேவை அதிகம்.

ஆட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது இங்கே கடினம். படிப்பை விடவே கூடாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதற்குக் குறைந்தது 40 சதவீத ஊனச் சான்று வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) உடனே விண்ணப்பியுங்கள். பிறகு மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பாரா வாலிபால் பயிற்சி எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள்.

ஊர் டீமில் ஆடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது அவர் உயிர். ஆனால் ஆடி முடித்துச் செயற்கைக் காலைக் கழற்றியதும் ஸ்டம்பை, அதாவது எடுத்ததுபோக மீதியுள்ள காலின் நுனியை, கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். சிவப்பு சீக்கிரம் மறையாவிட்டாலோ தோல் உரிந்திருந்தாலோ செயற்கைக் காலில் ஸ்டம்ப் பொருந்தும் குழியான சாக்கெட் உரசுகிறது என்று அர்த்தம். கால் செய்து கொடுத்தவரிடம் காட்டிச் சரிசெய்யும் வரை குதிக்க வேண்டாம்.