நோ ரெஸ்ட் ஃபார் தி விக்கட் கேமை ஏர்லி ஆக்சஸிலேயே வாங்கலாமா?

கேட்டவர் டியாப்லோ 4 ஆடியவர். சிங்கப்பூரில் வேலை, வாரத்துக்கு நாலைந்து மணி நேரம்தான் கிடைக்கிறது என்கிறார். நோ ரெஸ்ட் ஃபார் தி விக்கட் பார்க்க அதே மாதிரி இருக்கிறதே, இன்னும் வேலை முடியாத கேமுக்கு இப்போதே காசு கொடுக்கலாமா, ஆடியவர்கள் சொல்லுங்கள் என்பது கேள்வி.

நான் அது ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுசாக முடியும் முன்பே விற்பனைக்கு, வந்த வாரத்திலேயே வாங்கியவன். வந்தது 2024 ஏப்ரல் 18. பிறகு 2025 ஏப்ரல் 30-இல் ‘தி பிரீச்’ என்ற பெரிய அப்டேட் வந்ததும் புதிதாக ஒரு பாத்திரத்தை உருவாக்கி முதலிலிருந்து மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேம். ஆனாலும் உடனே வாங்குங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: இது டியாப்லோ மாதிரி இல்லை. கேமரா மட்டும்தான் மேலே இருக்கிறது. கையில் ஆடும்போது அது, நிதானமான, கடினமான சண்டைக்குப் பெயர்போன டார்க் சோல்ஸ் குடும்பத்துப் பிள்ளை.

டியாப்லோவில் ஒரு கூட்டத்துக்குள் புகுந்து நாலு பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினால் இருபது பேர் சரிவார்கள். இங்கே இரண்டே பேர் எதிரில் வந்தாலும் நின்று யோசிக்க வேண்டும். வாளை ஓங்கினால் ஓங்கியதுதான், பாதியில் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஸ்டாமினா, அதாவது தெம்பு, கரையும். அது தீர்ந்த நேரத்தில் எதிரி அடித்தால் விலகவும் வழியில்லை. டியாப்லோ பழக்கத்தோடு வருகிறவர்கள் முதல் ஒரு மணி நேரம் திணறுவார்கள். அவர்களில் பாதிப்பேர் ‘கன்ட்ரோல் சரியில்லை’ என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். என் நண்பர்களில் இருவர் அப்படித்தான் போனார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். கன்ட்ரோல் சரியாகத்தான் இருக்கிறது, அது கேட்கும் நிதானம்தான் நமக்குப் பழக்கமில்லாதது.

எனக்கு அந்த நிதானம் பிடிபட்ட கதையைச் சொல்கிறேன். அப்போது என் தம்பி தேசிய சேவையில் சேர்ந்து தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியில் இருந்தான். சனிக்கிழமை முகாமிலிருந்து புக் அவுட் ஆகி உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வருவான், ஞாயிறு மாலை பாசிர் ரிஸ் வழியாக முகாமுக்குத் திரும்பிவிடுவான். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் இரண்டு பேரும் இந்தக் கேமை ஆடினோம். சேர்ந்து ஆடும் வசதி அப்போது அதில் இல்லை. அதனால் ஒருவன் செத்தால் கன்ட்ரோலர் அடுத்தவன் கைக்குப் போகும் என்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

கேமில் சேக்ரமென்ட் நகரத்தை அடையும் முன் வாரிக் என்று ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, வரும். கேமின் முதல் பெரிய தடை அதுதான். நோயில் உருக்குலைந்து போன பெரிய உடல். நான் இரண்டு கைகளாலும் பிடிக்கும் பெரிய வாளும், கிடைத்த கனமான கவசம் முழுவதும் போட்டுக்கொண்டு போனேன். சனிக்கிழமை இரவு முழுக்கச் செத்தோம். ஞாயிறு காலை அம்மா தோசை வார்த்துக் கூப்பிட்டபோதும் செத்துக்கொண்டுதான் இருந்தோம். தம்பி தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் ஆடுவதையே பார்த்தான். பிறகு சொன்னான்: “அண்ணே, அடிக்கிற ஆசையை விடு. அதோட கையைப் பாரு, உன் கையைப் பாக்காத.”

கன்ட்ரோலரை வாங்கி முதல் காரியமாக மார்புக் கவசத்தையும் கால் கவசத்தையும் கழற்றினான். இந்தக் கேமில் சுமந்திருக்கும் எடையைப் பொறுத்துத்தான் விலகும் வேகம். எடை கூடினால் உடம்பு இழுத்துக்கொண்டு நகரும், குறைந்தால் சட்டென்று நழுவும். கவசம் போனதும் எங்கள் ஆள் வேறு ஆளாகவே ஆகிவிட்டான். அடுத்தது அவன் செய்ததுதான் எனக்குப் பாடம். வாரிக் கையை ஓங்கும், ஆனால் உடனே இறக்காது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்கும். நான் கை உயர்ந்ததுமே உருண்டுவிடுவேன், உருண்டு எழும் இடத்தில் அடி விழும். தம்பி உயர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான், இறங்கத் தொடங்கிய பிறகு நகர்ந்தான். பக்கவாட்டில் ஒரே ஒரு அடி. பிறகு விலகல். மறுபடி ஒன்று. அதுவரை நான் மூன்று அடி அடிக்கப் பார்த்தது எவ்வளவு பேராசை என்று அன்றைக்குப் புரிந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்று அம்மா சொல்வது இதற்கும் பொருந்தும். அவன் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது வாரிக் விழுந்தது. இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் அப்பா அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

கேமில் எனக்குப் பிடித்த இன்னொன்று சாப்பாடு. டார்க் சோல்ஸில் ஓய்விடத்தில் உட்கார்ந்தால் மருந்துக் குப்பி தானாக நிரம்பிவிடும். இங்கே அப்படி எதுவும் நிரம்பாது. காளான் பறிக்கணும், நண்டு பிடிக்கணும், மூலிகை தேடணும், தீ மூட்டிய இடத்தில் உட்கார்ந்து சமைக்கணும். அந்த உணவுதான் மருந்து. தொடக்கத்தில் பலருக்கு இது எரிச்சலாக இருந்தது, ஒரு பாஸிடம் பத்து முறை தோற்றால் பை காலியாகிவிடும் என்று எழுதினார்கள். அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் எனக்கு அந்த நடை பிடிக்கும். வேலை முடிந்து வந்து, சண்டைக்கு மனசு இல்லாத நாளில் கடற்கரையில் நண்டு பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருட்டும், மழையும், காற்றில் சாயும் புல்லும் ஓவியம் மாதிரி இருக்கும். மூன் ஸ்டுடியோஸ் இதற்கு முன் ஓரி கேம்கள் இரண்டையும் செய்தவர்கள், ஒன்று 2015, மற்றது 2020. அந்தக் கை இதிலும் தெரிகிறது. இசையும் ஓரிக்கு இசையமைத்த அதே கேரத் கோக்கர்தான். ஓரியின் அழகை நம்பி இதற்குள் வந்தால் மட்டும் அதிர்ச்சியாக இருக்கும். இது கொள்ளைநோய், பிணம், அரசியல் சூழ்ச்சி எல்லாம் நிறைந்த உலகம். மன்னர் ஹாரோல் இறந்து மகன் மேக்னஸ் பட்டத்துக்கு வந்த சமயம், ஆயிரம் வருடங்களுக்குப் பிறகு பெஸ்டிலன்ஸ் என்ற நோய் இசோலா சாக்ரா தீவில் திரும்பி வருகிறது. நாம் செரிம் என்ற புனித வீரர்களில் ஒருவர். கதை நன்றாகத்தான் தொடங்குகிறது. ஆனால் முடிவு வரை இன்னும் இல்லை. கதைக்காக மட்டும் ஆடுகிறவர் என்றால் முழுப் பதிப்பு வரும்வரை பொறுங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, ஏர்லி ஆக்சஸ் என்ற விஷயத்துக்கு வருகிறேன். வெளியான முதல் வாரங்களில் இந்தக் கேமைப் பற்றி வந்த பெரிய புகார்கள் இரண்டு. நல்ல கணினியிலும் காட்சி தடுமாறுகிறது என்பது ஒன்று. ஆயுதமும் கவசமும் வேகமாகத் தேய்கின்றன, ஒவ்வொரு சாவுக்கும் தேய்மானம் கூடுகிறது, பழுதுபார்க்கக் காசு போதவில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் ஸ்டுடியோ சும்மா விடவில்லை. சில நாள்களுக்குள்ளேயே தேய்மானத்தையும் பழுதுச் செலவையும் குறைத்தார்கள், காட்சித் தடுமாற்றத்தைச் சரிசெய்யவும் அடுத்தடுத்து பேட்ச் என்ற சிறு திருத்தங்கள் வந்தன. ஒரு சனிக்கிழமை பில்மோர் என்ற கொல்லரிடம் காசில்லாமல் திரும்பி வந்த தம்பி, அடுத்த சனிக்கிழமை அதே வேலைக்கு மிச்சம் வைத்துக்கொண்டு வந்தான். காலடியிலேயே விதி மாறுவது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையைத் தந்தது.

அந்த நம்பிக்கை எனக்கு எளிதில் வராது. 2021-இல் வேறொரு கேமை இதே மாதிரி பாதியில் வாங்கினேன். 25 வெள்ளி. பெயர் வேண்டாம். முதல் ஆறு மாதம் அப்டேட் வந்தது, பிறகு குறைந்தது, அப்புறம் நின்றே போனது. ஆடிய உலகம் பாதி கட்டிய வீடு மாதிரி அப்படியே நிற்கிறது. காசு போனதைவிட, அதில் வைத்த ஆசை போனதுதான் வலித்தது. அதன் பிறகு எந்த ஏர்லி ஆக்சஸ் கேமை வாங்கும் முன்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இனிமேல் ஒரு அப்டேட்டும் வராது என்று வைத்துக்கொண்டால், இன்றைக்கு இருப்பதற்கே இந்த விலை தகுமா?

பல்டர்ஸ் கேட் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் ஏர்லி ஆக்சஸில் வந்தபோது கதையின் முதல் பகுதி மட்டும்தான் கையில் இருந்தது, முழுசாக வந்தது 2023 ஆகஸ்டில். ஏறக்குறைய மூன்று வருடம். அங்கே கதைதான் உயிர், அதனால் காத்திருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. ஹேடீஸ் 2018 டிசம்பரில் தொடங்கி 2020 செப்டம்பரில் முடிந்தது. அதில் திரும்பத் திரும்ப ஓடுவதுதான் ஆட்டம், அதனால் முதல் நாளே முழு ருசி கிடைத்தது. நோ ரெஸ்ட் ஃபார் தி விக்கட் இந்த விஷயத்தில் ஹேடீஸ் பக்கம் நிற்கிறது. வாளின் கனம், எதிரியின் அசைவு, விலகும் அந்த ஒரு கண நேரம், இவை முதல் நாளிலேயே முழுமையாக இருந்தன. குறையாக இருந்தது இடங்களும் கதையும்தான். ‘தி பிரீச்’ புதிய பகுதிகளைக் கொண்டுவந்து அதில் ஒரு பங்கைத் தீர்த்தது. 2025-இல் ஸ்டுடியோ இந்தக் கேமின் வெளியீட்டு உரிமையையும் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. முன்பு டேக்-டூ நிறுவனத்தின் பிரைவேட் டிவிஷன்தான் வெளியீட்டாளர். சொந்தக் காலில் நிற்கும் ஸ்டுடியோவுக்கு இந்தக் கேம்தான் சோறு, சுலபத்தில் கைவிட மாட்டார்கள் என்பது என் கணிப்பு. உறுதி சொல்ல முடியாது, அதனால் மேலே சொன்ன கேள்வியை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் என்ன செய்யலாம்? வெளியானபோது விலை 39.99 அமெரிக்க டாலர். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் நமக்கு விலை சிங்கப்பூர் வெள்ளியிலேயே காட்டும், தள்ளுபடி வரும்போது பாருங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை வீணாக்காதீர்கள். கேமைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாலும் அது கணக்கில் ஏறும். முதல் பத்து நிமிடத்தில் முகம், தலைமுடி என்று பாத்திரத்தை அலங்கரிப்பதை விட்டுவிட்டு நேராகக் கரையில் இறங்குங்கள். கனமான ஆயுதம் ஒன்று, இலகுவான ஆயுதம் ஒன்று இரண்டிலும் சண்டை போட்டுப் பாருங்கள். கன்ட்ரோலர் இருந்தால் அதிலேயே ஆடுங்கள், எனக்குக் கீபோர்டில் இது ஒத்துவரவே இல்லை. ஒன்றரை மணி நேரம் ஆன பிறகும் ஒவ்வொரு சாவும் கோபத்தைத்தான் தருகிறது, ‘என் தப்பு எங்கே’ என்று பார்க்கத் தோன்றவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது டியாப்லோ மாதிரி வேகமும், எதிரிகளிடமிருந்து கொட்டும் லூட் என்ற பொருள்களும்தான் என்றால் பாத் ஆஃப் எக்ஸைல் 2 பாருங்கள். அதுவும் ஏர்லி ஆக்சஸில்தான் இருக்கிறது, 2024 டிசம்பர் 6-இல் வந்தது. திட்டமிட்ட 12 பாத்திர வகைகளில் 6-உடன் தொடங்கினார்கள். நண்பர்களோடு சேர்ந்தும் ஆடலாம். அதிலும் பாஸ்கள் கடினம்தான், ஆனால் திறன்களைக் கோத்துக் கோத்துப் பார்க்கும் சுகம் அங்கே அதிகம். முழுப் பதிப்பு வந்ததும் இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆகவே அதற்கும் அவசரம் இல்லை.

வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் என்கிறீர்கள். நோ ரெஸ்ட் ஃபார் தி விக்கட் அதற்குப் போதும், ஆனால் ஒரே மூச்சில் உட்கார்ந்தால்தான். தினமும் அரை மணி நேரம் என்று பிய்த்துப் பிய்த்து ஆடினால் ஒவ்வொரு முறையும் கை பழக்கத்தை மறந்துவிடும். வெள்ளி இரவோ சனி காலையோ இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நல்லது.

என் தம்பி இப்போது யூனிட்டில் இருக்கிறான், வாரக் கடைசியில் வருகிறான். ‘தி பிரீச்’ திறந்துவிட்ட புதிய பகுதிகளின் வாசல் வரை போய்விட்டேன், உள்ளே இன்னும் காலடி வைக்கவில்லை. அவன் வரும்வரை பழைய காட்டிலேயே சுற்றிக் காளானும் மூலிகையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பை இப்போதே நிறைந்துவிட்டது.