படிப்பு முடிகிற நாளுக்கு ஏன் 'தொடக்கம்' என்று பெயர்? கேள்வி பதில்

கே: சார், அக்கா பையன் அமெரிக்காவில் படிப்பை முடிக்கிறான். அழைப்பிதழில் 'கமென்ஸ்மென்ட்' என்று போட்டிருக்கிறது. அதற்குத் தொடக்கம் என்றுதானே அர்த்தம்? முடிக்கிற அன்றைக்கு எதைத் தொடங்குகிறார்களாம்?

ப: வாத்தியார் வேலையை! இடைக்காலத்துப் பாரிஸ், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் பட்டம் என்பதே பாடம் நடத்துவதற்கான உரிமத்தோடு சேர்ந்த விஷயம். உரிமம் கிடைத்தவர் சபையறிய விவாதம் செய்து, முதல் பாடம் எடுத்துக் காட்டிய பிறகுதான் மாஸ்டர்கள் கூட்டத்தில் ஓர் ஆளாகச் சேர முடியும். அந்தச் சடங்குக்கு லத்தீனில் 'இன்செப்டியோ', அதாவது தொடக்கம் என்று பெயர். கேம்பிரிட்ஜில் அதையே பிரெஞ்சு வழி வந்த சொல்லால் கமென்ஸ்மென்ட் என்றார்கள்.

கே: அது அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

ப: ஹார்வர்டு வழியாக. 1636-ல் அதைத் தொடங்க முன்னின்றவர்களில் பலர் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள், அந்தப் பாசத்தில் ஊருக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். 1642-ல் முதல் விழா, பட்டம் வாங்கியது 9 பேர். பட்டம் வாங்குகிறவருக்கு அங்கே 'கமென்ஸர்', அதாவது தொடங்குபவர் என்றே பெயர். 1693-ல் நிர்வாகம் ஒரு தடை போட்டது பாருங்கள்: கமென்ஸர்கள் விழாவுக்கு பிளம் கேக் வைக்கக் கூடாது, வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லாத பழக்கம், கல்லூரிக்கு இழுக்கு என்று. கேக்கில் என்ன இழுக்கோ!

கே: 'இது முடிவல்ல, வாழ்க்கையின் ஆரம்பம்' என்று மேடையில் முழங்குகிறார்களே, அப்போ அது தப்பா?

ப: தப்பில்லை, பின்னால் ஒட்டவைத்த விளக்கம். கேட்க நன்றாக இருப்பதால் வருஷா வருஷம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

கே: இங்கிலாந்தில் இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்களா அண்ணா?

ப: அங்கே பெரும்பாலும் கிராஜுவேஷன்தான், ஏறுகிற படி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பக்கத்து நாடான அயர்லாந்தில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இன்றும் கமென்ஸ்மென்ட்ஸ் என்கிறார்கள்.

கே: நம்மூர் கான்வொகேஷன்?

ப: விழா அதே விழாதான், சொல் வேறு. கூட்டி அழைப்பது என்று பொருள், பல்கலைக்கழகச் சபை கூடுவதைக் குறிக்கும். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்!

கே: முதலில் கேட்டவன்தான் சார். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்குத் தமிழில் எப்படிப் போட?

ப: 'பட்டமளிப்பு விழா' என்றே போடுங்கள். 'தொடக்க விழா' என்று போட்டால், பையன் என்ன கடை திறக்கிறான் என்று ஆளாளுக்குப் போன் போடுவார்கள்.