கதை பிடிபடாத நாவலை எப்படிப் படிப்பது?

“இருபது பக்கம் தாண்டியும் கதையே பிடிபடவில்லை, என்ன செய்ய?” என்று கேட்டிருக்கிறீர்கள். கதையைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்த நாவல் எதைக் கலைத்துப் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

1963-இல் வந்த, அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸாரின் ‘ஹாப்ஸ்காட்ச்’ நாவலில் 155 அத்தியாயங்கள். 56 வரை நேராகப் படித்து நிறுத்திவிடலாம். இல்லையென்றால் ஆசிரியரே தந்த வரிசைப்படி 73-இல் தொடங்கி 1, 2, 116, 3 என்று தாவித் தாவிப் போகலாம். நான் இரண்டாவது வழியில் போனேன், மியான்மரின் யாங்கோன் நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் உட்கார்ந்து, டிக்கெட் துண்டை அடையாளமாகச் செருகிக்கொண்டு. முடிவில் அத்தியாயம் 131, அடுத்து 58, மறுபடி 131. ரயிலும் ஏறிய ஸ்டேஷனுக்கே வந்து நின்றது! அந்தச் சிலிர்ப்பு இன்னும் போகவில்லை.

புரியாத பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். அர்த்தத்துக்கு முன்னால் ஓசை பிடிபடும். ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டாம், நாளுக்குப் பத்துப் பக்கம் போதும்.