கரடிப் படையும் கண்காணிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அரசின் கண்காணிப்பு கண்ணுக்கே தெரியாத சங்கதி. அதை வைத்து டிவியில் எப்படிச் சிரிக்க வைக்கிறார்கள்?

பதில்: சட்டப் பிரிவை விளக்க ஆரம்பித்தால் ரிமோட்டைத் தேடுவார்கள். அதனால் பார்ப்பவரின் மானம் சம்பந்தப்பட்ட ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். 2015 ஏப்ரலில் அமெரிக்க டிவி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் தன் எச்.பி.ஓ. நிகழ்ச்சிக்காக மாஸ்கோ போய், அமெரிக்க உளவு ரகசியங்களை 2013-ல் வெளியே கசியவிட்ட எட்வர்ட் ஸ்னோடெனைப் பேட்டி எடுத்தார். உளவுத் திட்டங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அத்தனைக்கும் ஒரே கேள்விதான்: "என் அந்தரங்கப் படம் அரசாங்கத்தின் கையில் சிக்குமா?" இணைய நிறுவனங்களிடமிருந்து தகவல் எடுக்கும் பிரிசம் திட்டத்தில் சிக்கும். தொலைபேசிப் பதிவுகளை அள்ள அரசு பயன்படுத்திய, அமெரிக்கத் தேசபக்தச் சட்டத்தின் 215ஆம் பிரிவில் படம் சிக்காது, யாரோடு தொடர்பில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். மெட்டாடேட்டா, அதாவது பேசியது என்ன என்பதை விட்டுவிட்டு யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம், என்றால் என்னவென்று இதைவிடச் சுருக்கமாகப் புரியவைக்க முடியாது.

215ஆம் பிரிவு அந்த ஆண்டு ஜூன் 1-ல் காலாவதியாகவேண்டிய நிலையில் இருந்தது. நிகழ்ச்சி அதற்கு எட்டு வாரம் முன்பே வந்தது. ஜூன் 2-ல் கையெழுத்தான புதிய சட்டம், தொலைபேசிப் பதிவுகளை அரசு மொத்தமாக அள்ளுவதற்கு முடிவு கட்டியது. அந்தப் பெருமையை நிகழ்ச்சிக்குக் கொடுக்க முடியாது. 2013-ல் ஸ்னோடென் கசியவிட்ட ஆவணங்களும், மே மாதத்து நீதிமன்றத் தீர்ப்பும்தான் பெரிய காரணங்கள்.

கேள்வி: பயந்துபோய்ப் பாதுகாப்பு கேட்பதே மக்கள்தானே? அவர்களை விட்டுவிடுகிறார்களே?

பதில்: நல்ல அங்கதம் விடுவதில்லை. அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான 'சிம்ப்சன்ஸ்'-இன் 1996 அத்தியாயம் ஒன்றில் ஒரே ஒரு கரடி ஊருக்குள் வந்துவிடுகிறது. ஜனங்கள் மேயரை முற்றுகையிடுகிறார்கள். கரடி ரோந்துப் படை வருகிறது, போர் விமானம் உட்பட. இப்போது கரடியே இல்லை, படை பிரமாதமாக வேலை செய்கிறது என்று குடும்பத் தலைவர் ஹோமர் பூரிக்கிறார். மகள் லிசா ஒரு கல்லை எடுத்து, இது புலியை விரட்டும், இங்கே புலி ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறாள். அவர் அந்தக் கல்லையே விலைக்குக் கேட்கிறார்! பிறகு படைச் செலவுக்கு வரி ஏறுகிறது. ஜனங்கள் கொதிக்க, மேயர் பழியைக் குடியேறிகள்மேல் போட்டுத் தப்பிக்கிறார். பயம், படை, செலவு, பலிகடா என்ற இந்த வரிசைதான் அந்த அத்தியாயத்தின் உயிர்.

கேள்வி: இப்படி ஒரு குறுநாடகம் எழுத ஆசை. எங்கே சறுக்கும்?

பதில்: பயப்படுபவரை அசடாகக் காட்டினால் சறுக்கும், 'நான் அப்படி இல்லை' என்று பார்ப்பவர் ஒதுங்கிவிடுவார். பயத்துக்கு மெய்யான காரணம் வையுங்கள். 1981-ல் பிபிசியின் அரசியல் நகைச்சுவைத் தொடரான 'யெஸ் மினிஸ்டர்' அத்தியாயம் ஒன்றில், ஒட்டுக்கேட்பை எதிர்த்து வந்த அமைச்சரின் பெயர் தீவிரவாதிகளின் கொலைப் பட்டியலில் வருகிறது. அந்த நிமிடமே அவருக்குக் கண்காணிப்பு இனிக்கிறது. அதோடு, ஒரு நாடகத்துக்கு ஒரு அதிகாரம் போதும். கேமரா, ஒட்டுக்கேட்பு, கைரேகை எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் தைக்காது.