உளவியல் ஆலோசனை: இந்த இடம் பிடித்துப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது

வணக்கம் மிஸ்,

எனக்குப் பதினேழு வயது. ஊர் நாச்சிக்குடாப் பக்கம். அப்பாவுக்கு நண்டு வலைத் தொழில். அம்மா நண்டுச் சதை எடுக்கிற இடத்தில் நாட்கூலிக்குப் போகிறார்.

ஓ.எல் (சாதாரண தர) பரீட்சையில் எனக்கு ஏழு ஏ, இரண்டு பி. ஏ.எல் (உயர்தரம்) உயிரியல் படிக்க யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பாடசாலைக்குத்தான் போவது என்று ஆறாம் ஆண்டிலிருந்தே நினைத்திருந்தேன். நானும் என் சினேகிதியும் ஒன்றாக விண்ணப்பித்தோம், நேர்முகத் தேர்வுக்கும் ஒன்றாகப் போனோம். அவளுக்குக் கிடைத்தது. எனக்கு விடுதியில் இடமில்லை என்றார்கள். அவளுக்கு அங்கே பெரியம்மா வீடு இருக்கிறது. எனக்கு யாரும் இல்லை.

கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் விடுதியோடு சேர்த்தார்கள். முதல் நாள் அப்பாவோடு பஸ்ஸில் வந்தேன். பூநகரியில் நேரே போனால் சங்குப்பிட்டிப் பாலம், அதைத் தாண்டினால் யாழ்ப்பாணம். பஸ் வலப்பக்கம் பரந்தன் றோட்டில் திரும்பியது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அப்பா கண்டுவிட்டார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. பரந்தனில் இறங்கினதும் ஒரு ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

வந்து ஐந்து மாதம். எனக்கென்று அலுமாரியில் ஒரு தட்டுத் தந்திருக்கிறார்கள். அதில் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது. உடுப்பெல்லாம் இன்னும் பைக்குள்ளே. மாமா யாரையோ பிடித்து இடமாற்றம் எடுக்கப் பார்க்கிறார். "கொஞ்சம் பொறு, சொல்லியிருக்கு" என்று ஐந்து மாதமாகச் சொல்கிறார். இங்கே இரசாயனவியலுக்கு மூன்று மாதமாக ஆசிரியர் இல்லை. சினேகிதியோடு ஒருநாள் கதைத்தபோது, "உனக்கென்ன, கிளிநொச்சிக் கோட்டாவில் கம்பஸ் போயிடுவாய்" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாவிடம் சொன்னால், "உன்னைச் செட்டிக்குளம் முகாமில் தரப்பாள் கொட்டிலுக்குள்ளே வைச்சு வளர்த்தனான். இப்ப கரண்ட், ஃபான், மூன்று நேரச் சாப்பாடு, உனக்கு என்ன குறை?" என்கிறார். அதற்குப் பிறகு நான் என்ன கதைப்பது?

நான் எழுத வந்தது வேறு விஷயம். எங்கள் ஊர்த் தண்ணீர் உவர். கோடையில் பவுசர் வரும், அது குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். ஊர்க் கிணற்றில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காது, தலைமயிர் திரிதிரியாக நிற்கும். இங்கே விடுதிக் கிணறு நல்ல தண்ணீர். போன மாதம் ஒரு பின்னேரம் தலைக்கு முழுகிக்கொண்டிருந்தேன். நுரை கையை மீறி வழிந்தது. நான் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை. தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். இந்த இடம் எனக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டதோ என்று பயம் வந்தது. பிடித்துப் போனால், யாழ்ப்பாணத்தை நான் விட்டுக்கொடுத்த மாதிரித்தானே? தோற்றதைச் சரியென்று ஒத்துக்கொண்ட மாதிரித்தானே?

பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் துணுக்காய். கடலை இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறாளாம். ஒருநாள் லைட் நிறுத்தின பிறகு, "இராவில் கடல் சத்தம் போடுமா? படுக்க விடுமா?" என்று கேட்டாள். நான் நித்திரை போலக் கிடந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

பெயர் வேண்டாம்,
கிளிநொச்சி

* * *

பிள்ளை,

கிணற்றடிப் பகுதியை இரண்டு தரம் வாசித்தேன். இந்த வேலையில் எனக்கு வரும் கடிதங்களில் "என்னால் சந்தோஷமாக இருக்க முடியவில்லை" என்பதுதான் அதிகம். சந்தோஷமாக இருந்ததைக் கண்டுபிடித்துப் பயந்த ஆட்கள் குறைவு. நீ பாட்டை நிறுத்தின இடத்திலிருந்தே தொடங்குவோம்.

பிடித்துப் போனால் தோற்றதாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்த கணக்கு. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது எனக்குப் பதின்னான்கு வயது. தென்மராட்சியில் கொஞ்ச நாள், பிறகு கிளாலியில் வள்ளம் ஏறி வன்னி. மல்லாவியில் கிடுகுக் கொட்டிலில் வகுப்பு. "கெதியா வீட்டை போயிடுவம்" என்று அப்பா சொல்லியிருந்தார். அதை நம்பி நான் கொப்பிகளுக்கு உறை கூடப் போடவில்லை. உறை போட்டால் இங்கேயே இருக்கப் போகிறோம் என்று ஆகிவிடுமாம். உன் பை மாதிரித்தான். ஆறு மாதம் ஒருவரோடும் சேரவில்லை. பிறகு பாலைப்பழக் காலம் வந்தது. வாங்கில் பக்கத்தில் இருந்தவள் ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்தாள். எனக்குப் பாலைப்பழம் சாப்பிடத் தெரியாது. பால் உதட்டில் ஒட்டி வாயைத் திறக்க முடியவில்லை. அவளுக்கும் ஒட்டிவிட்டது. இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் மூக்கால் சிரித்ததில் ரீச்சர் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு இரவும் நான் வீட்டை நினைத்து அழுதேன். இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். பழம் இனித்ததால் வீட்டு ஆசை குறையவில்லை. வீட்டு ஆசை இருந்ததால் பழம் புளிக்கவும் இல்லை. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் கிடந்தன. எனக்கு இன்றைக்கும் கவலை அந்த முதல் ஆறு மாதத்தை நினைத்துத்தான். இடம்பெயர்ந்ததை உன் கதைக்குப் பக்கத்தில் வைத்து உன்னுடையது சின்னது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வேலையை அம்மா ஏற்கெனவே செய்துவிட்டார்!

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 இல் போர் முடிந்தபோது கைக்குழந்தையோடு முகாமில் இருந்த ஒரு தாய்க்கு, பிள்ளை கூரைக்குக் கீழே சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாள் என்றால் மற்றதெல்லாம் பிறகுதான். "என்ன குறை?" என்று கேட்கும்போது, ஒரு குறையும் இல்லை என்று உன் வாயால் கேட்கத்தான் அவர் நினைக்கிறார் போல. அதை முதலில் கொடுத்துவிடு. "அம்மா, குறை ஒன்றுமில்லை, சாப்பாடு நல்லம். வீட்டை நினைச்சா அழுகை வருது, அவ்வளவுதான்" என்று சொல்லிப் பார். அவர் வழக்குக்கு வரமாட்டார். வந்தாலும் அப்பா இருக்கிறார். நீ அழுததைக் கண்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் ரோல்ஸ் வாங்கித் தந்த மனிசனிடம் நீ இன்னும் கதைத்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, மாமா. உன் பை ஏன் பிரிபடாமல் கிடக்கிறது என்றால், பாதிக் காரணம் மாமாதான். அவர் நல்லதுக்குத்தான் ஓடுகிறார், குறை சொல்லவில்லை. ஆனால் டானியல் கில்பேர்ட், ஜேன் ஈபேர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2002 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். புகைப்படம் எடுக்கப் பழகின மாணவர்கள் தாங்கள் எடுத்ததில் பிடித்த இரண்டு படங்களைக் கழுவி எடுத்தார்கள். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். சிலரிடம் எடுத்தது எடுத்ததுதான் என்று சொன்னார்கள். சிலருக்கு மட்டும், விருப்பமென்றால் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு கேட்டபோது, மாற்ற முடியாதவர்களுக்குத் தங்கள் படம் பிடித்திருந்தது. மாற்றலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை. கதவு திறந்து கிடக்கும் வரைக்கும் மனம் உள்ளே வந்து இருக்காது, வாசலில்தான் நிற்கும்.

அதனால் மாமாவிடம் ஒரு திகதி கேள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நேரே கேள்: "மாமா, கடிதம் கையில் வருமா, வராதா? இந்த லீவு முடிய முதல் சொல்லுங்கோ." வந்தால் போ, நல்லது. வராவிட்டால் அதோடு விடச் சொல். ஏ.எல் பாதியில் இடம் மாறுவது உனக்கும் சிரமம்தான், பாடம் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரிப் போயிருக்கும். "சொல்லியிருக்கு" என்கிற சொல்லில் ஒரு பிள்ளை ஐந்து மாதம் இருந்தது போதும்.

இன்னொரு ஆய்வும் சொல்கிறேன், உன் விஷயத்துக்கு இன்னும் கிட்டவானது. அமெரிக்காவில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடிகிற மாணவர்களுக்கு மிச்ச வருடங்களுக்கான விடுதியைக் குலுக்கல் முறையில் கொடுப்பார்கள். சில விடுதிகளுக்குப் பெரிய பெயர், சிலதுக்கு இல்லை. எலிசபெத் டன் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் 2003 இல் இதை எழுதினார்கள். நல்ல விடுதி கிடைத்தால் வாழ்க்கையே மாறும், கெட்டது கிடைத்தால் அவ்வளவுதான் என்று மாணவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்தின் சந்தோஷமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எங்கே பிழைத்தார்கள்? கட்டடத்தையும் அது இருக்கிற இடத்தையும் நினைத்தார்களே தவிர, கூட இருக்கப் போகிற ஆட்களை நினைக்கவில்லை. நீயும் ஆறாம் ஆண்டிலிருந்து நினைத்தது ஒரு பாடசாலையின் பெயரையும் பாலத்துக்கு அந்தப் பக்கத்தையும்தான். அங்கே உன் பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருப்பாள் என்று ஒருநாளாவது நினைத்திருப்பாயா?

ஆனால் அந்த மாணவர்கள் எல்லோருக்கும் பல்கலைக்கழகம் ஒன்றுதான், படிப்பித்தவர்களும் பொதுதான். உனக்கு அப்படி இல்லை. மூன்று மாதம் இரசாயனவியலுக்கு ஆள் இல்லை என்பதை "எல்லாம் பழகிவிடும்" கணக்கில் போடாதே. அது மனக்கவலையே இல்லை, குறைபாடு. அதற்குக் கோபம் வருவதுதான் சரி. வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். பெற்றோர் கையெழுத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். அப்புறம் விடுதியில் மேல் வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். பழைய கொப்பி கேள், சந்தேகம் கேள். நீ ஒதுங்கி இருந்த ஐந்து மாதத்தில் அதைக் கேட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

உன் சினேகிதி சொன்ன "கோட்டா" பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உனக்கு உறைத்திருக்கிறது. நாடு முழுக்க வினாத்தாள் ஒன்றுதான். இங்கே பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மூன்று மாதம் ஆசிரியர் இல்லாமல் இருந்த பிள்ளையும், நாலு ரியூசனுக்குப் போகிற பிள்ளையும் ஒரே தாளை எழுதுகிற நாட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதில் உனக்கு என்ன வெட்கம்? அவளோடு சண்டை வேண்டாம். "கெமிஸ்ட்ரிக்கு ஆள் இல்லையடி, உன் நோட்ஸைப் படம் எடுத்து அனுப்பு" என்று கேள். நல்ல சினேகிதி என்றால் அனுப்புவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. சாப்பாடு ஒருநாள் இறங்காதது வேறு. வாரக்கணக்கில் நித்திரை வராமல், காலையில் எழும்ப மனமில்லாமல், ஒவ்வொரு நாளும் அழுகை வந்தால், அல்லது விடுதியில் யாராவது உன்னை வருத்தினால் அதைப் பைக்குள் வைத்திருக்காதே. பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருந்தால் அவரிடம் போ. 1929 சிறுவர் உதவி இலக்கம், 1926 தேசிய மனநல உதவி இலக்கம். தமிழில் கதைக்கலாமா என்று முதலே கேள்.

பையை முழுக்கப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். மாமாவின் பதில் வரும் வரைக்கும் பாதி கிடக்கட்டும். வீட்டு உடுப்பு நாலை மட்டும் எடுத்து அந்தத் தட்டில் வை. முழுகினால் பாடு.

நாச்சிக்குடாக் கடல் இராவில் சத்தம் போடுமா? எனக்கும் தெரியாது. முல்லைத்தீவுக் கடல் இரைவது கேட்டிருக்கிறேன், உங்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது, இரையாது என்பார்கள். அப்படியென்றால் என்ன கேட்கும்? விடியப்புறம் வள்ளங்களின் எஞ்சின் சத்தமா, அப்பா எழும்பி வலை தூக்குகிற சத்தமா? துணுக்காய்ப் பிள்ளை கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. இன்றைக்கு லைட் நிறுத்தின பிறகு அவளுக்குச் சொல்லு.