முகமூடி கழன்றால் கோரிக்கையும் கழன்றுவிடுமா?

கேள்வி: 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' அனிமேஷன் தொடரில் வில்லன் அமான் சொன்னதுதான் சரி என்கிறேன் நான். முகமூடி கழன்றதும் அவன் பித்தலாட்டக்காரன் என்று தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன நியாயம் என்கிறார்கள் நண்பர்கள். கார்ட்டூனில் அரசியல் பேசுவதே வெட்டி வேலை என்கிறார் என் அண்ணன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் அனிமேஷன் கதை எழுதி வருகிறோம். அதில் வில்லன் கடைமடைக்குத் தண்ணீர் கேட்டு, தாமிரபரணி அணைக்கட்டுகளை மந்திரத்தால் உடைக்கிறான். கடைசியில் அவன் மேல்மடைப் பண்ணையாரின் மகன்தான் என்று காட்டுகிறோம். நல்ல திருப்பம்தானே?
— கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, அந்தத் திருப்பத்துக்கு அப்புறம் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, இல்லையா? நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அமான் விஷயத்திலும் என் சண்டை இதுதான்.

அண்ணனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகரசபை, ஊரடங்கு, தேர்தல், முகாம் என்று அந்தத் தொடருக்குள் எழுதி வைத்தவர்கள் அதைப் படைத்தவர்கள். வெளியிலிருந்து நாம் எதையும் கொண்டுபோய்ச் சொருகவில்லை. அவர்கள் எழுதியதை அவர்கள் எழுதிய கனத்தோடு படிப்பது வெட்டி வேலை ஆகாது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2005 முதல் 2008 வரை வந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் தொடர்ச்சிதான் 'கோரா'. 2012-இல் தொடங்கி 2014-இல் முடிந்தது. இரண்டையும் படைத்தவர்கள் மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியட்ஸ்கோ. அந்த உலகத்தில் சிலர் நீர், நிலம், நெருப்பு, காற்று இவற்றில் ஒன்றை வசப்படுத்தும் திறனோடு பிறக்கிறார்கள். அவர்களைப் பெண்டர்கள் என்பார்கள். மற்றவர்களுக்கு அந்தத் திறன் கிடையாது. நான்கையும் வசப்படுத்தி உலகத்தின் சமநிலையைக் காப்பவர்தான் அவதார். கதாநாயகி கோராதான் இந்தத் தொடரின் அவதார். கதை நடக்கும் ரிபப்ளிக் சிட்டி நகரத்தில் ரவுடிக் கும்பல்களும் பெண்டர்கள், போலீஸ் படையும் உலோகத்தை வளைக்கும் பெண்டர்கள். முதல் அத்தியாயத்திலேயே ஒரு கும்பல் கடைக்காரரிடம் மாமூல் கேட்டு மிரட்டுகிறது. பூங்காவில் ஒருவன் மெகாஃபோனில் பெண்டர்களின் கொடுங்கோன்மை என்று கத்துகிறான். அமான் இங்கேதான் முகமூடியோடு வருகிறான். நெருப்பு பெண்டர் ஒருவன் தன் குடும்பத்தைக் கொன்று தன் முகத்தையும் சிதைத்தான் என்கிறான். பெண்டர்களின் திறனையே பறித்து எல்லோரையும் சமமாக்குவேன் என்கிறான்.

அமான் சொன்னது சரி என்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவரைப் பிடித்துக் கட்டி வைத்து, பிறப்போடு வந்ததைப் பிடுங்குவது கொடுமை. ஆனால் அமான் வேறு, அவன் பின்னால் போன ஜனங்கள் வேறு. நீங்களும் நண்பர்களும் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டுச் சண்டை பிடிக்கிறீர்கள். தொடரும் கடைசியில் அதே முடிச்சைத்தான் போட்டது.

முதல் பருவத்தின் எட்டாவது அத்தியாயத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். டார்லாக் என்ற சபை உறுப்பினர், திறன் இல்லாதவர்களுக்கு மட்டும் ஊரடங்குச் சட்டம் கொண்டுவருகிறார். அவர்கள் குடியிருக்கும் பகுதியில் கரண்ட் போய்விடுகிறது. ஜனங்கள் தெருவில் கூடி, கரண்ட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. போலீஸ் சுற்றி வளைக்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண், கோராவைப் பார்த்து, நீ எங்களுக்கும்தானே அவதார் என்று கூப்பிடுகிறாள். 52 அத்தியாயங்களில் இதைவிடக் கூர்மையான அரசியல் வசனம் எனக்குத் தெரிந்து இல்லை. உலகத்தின் சமநிலையைக் காக்கப் பிறந்தவளிடம், அந்த உலகத்தில் நாங்களும் சேர்த்தியா என்று கேட்கிறாள். பேர் ஊர் தெரியாத அந்தப் பெண்ணுக்குக் கதை கடைசிவரை பதில் சொல்லவில்லை.

முடிவில் என்ன நடந்தது? அமான் கடலுக்குள் விழுகிறான். உயிர் பிழைக்க நீரை வசப்படுத்தி மேலே எழும்புகிறான். முகத்தில் பூசியிருந்த தழும்பு கரைந்து போகிறது. அவன் நெருப்பால் பாதிக்கப்பட்டவனே இல்லை, தானே ஒரு நீர் பெண்டர், டார்லாக்கின் அண்ணன் என்று அம்பலமாகிறது. அண்ணனும் தம்பியும் படகில் தப்பிப் போகும்போது தம்பியே படகை வெடிக்க வைத்துவிடுகிறான். அடுத்த பருவத்தில் திறன் இல்லாத ஒருவர் ஜனாதிபதியாக இருக்கிறார். சமத்துவம் கேட்ட இயக்கம் எங்கே போனது என்று ஒருவரும் பேசுவதில்லை. அந்தத் தேர்தலுக்காக யார் போராடினார்கள், யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரு காட்சி கிடையாது.

என்னை அதிகம் உறுத்துவது அமானின் துணைத் தளபதி. அமான் நீர் பெண்டர் என்று தெரிந்ததும், என் வாழ்க்கையையே உனக்காகக் கொடுத்தேனே என்று கொதித்துப்போய் அவன் மேல் பாய்கிறான். அமான் அவன் உடம்பின் ரத்தத்தைக் கட்டுப்படுத்தித் தூக்கி எறிகிறான். அதற்குப் பிறகு அவனைத் தொடரில் பார்க்கவே முடியாது. அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. தலைவன் பொய் என்று தெரிந்த பிறகும் கோரிக்கை பொய் இல்லை என்று நம்பியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவன். அவனை வைத்துத்தான் அடுத்த பருவத்தையே தொடங்கியிருக்க வேண்டும்.

முதல் பருவம் 12 அத்தியாயங்களில் முடிந்துவிடும் தனிக்கதையாகத்தான் திட்டமிடப்பட்டது. முழுவதையும் படைப்பாளிகள் இருவரே எழுதினார்கள். எல்லாவற்றையும் அதற்குள் கட்டி முடிக்க வேண்டிய நெருக்கடி இருந்தது, சரி. ஆனால் நெருக்கடியில் எதை வெட்டினார்கள் என்று பாருங்கள். காதலை வெட்டவில்லை, பெண்டர்களின் விளையாட்டுப் பந்தயத்தை வெட்டவில்லை. தெருவில் நின்ற ஜனங்களை வெட்டினார்கள்.

ஏமாற்றியவன் பேச்சு எடுபடாது என்று உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு நம் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் பதில் இருக்கிறது. இசக்கியம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். மடியில் தலைவைத்துத் தூங்கியவளைக் கல்லைப் போட்டுக் கொன்று, நகையை எடுத்துக்கொண்டு போகிறான் ஒருவன். சாகும்போது அவள் பக்கத்தில் நின்ற கள்ளியைச் சாட்சிக்கு வைக்கிறாள். மறுபிறவியில் அவன் வியாபாரியாக வரும்போது, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள். இவர்தான் என் புருஷன் என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவள் சொன்னது பொய், காட்டிய பிள்ளையும் பொய். பெரியவர்கள் நம்பி ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். இரவில் அவனைக் கொன்றுவிடுகிறாள். பாடுகிற புலவர் எதையும் மூடி மறைப்பதில்லை. அவள் பொய் சொன்னாள், கொன்றாள் என்றுதான் பாடுகிறார். ஆனால் அந்தக் கல்லை முதலில் பாடிவிடுகிறார். அதனால் அவள் பொய் வெளிப்பட்டாலும் அவளுக்கு நடந்தது அழிவதில்லை. அவளுக்குப் பீடம் போட்டு, பொங்கல் வைத்து, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களும் உட்கார்ந்து கேட்டு விளங்கிக்கொண்ட கதைக்கட்டு இது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த தொடரால் இதைச் செய்ய முடியாமல் போனதே என்பதுதான் என் ஆதங்கம்.

கதைக்கு வெளியிலும் இதே பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எந்தப் போராட்டம் என்றாலும் முதலில் வரும் கேள்வி, தூண்டிவிட்டது யார்? என்ன கேட்டார்கள் என்பது அப்புறம்தான், பல நேரம் அதுவும் வராது. 1999 ஜூலை 23-இல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்தது, தாமிரபரணி ஆற்றுக்குள் 17 பேர் செத்தார்கள். அந்த எண்ணை நெல்லையில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் எதற்கு நடந்து வந்தார்கள் என்று கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விட வேண்டும், இதற்காகத்தான் வந்தார்கள். அந்த ஆற்றையே கதைக்களமாக எடுத்திருக்கிற நீங்கள் இதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

தொடரையே ஒதுக்கச் சொல்லவில்லை. மூன்றாம், நான்காம் பருவங்களில் அவர்கள் எவ்வளவோ தேறினார்கள். ஆட்சியே வேண்டாம் என்கிற ஸஹீர், பூமி ராஜ்ஜியத்தின் ராணியை மூச்சடைக்க வைத்துக் கொல்கிறான். மறுநிமிடம் தலைநகர் பா சிங் சேயில் கொள்ளை. ராஜ்ஜியத்தைச் சீர்படுத்த, வேறொரு நகரத்தின் தலைவியான சுயினைக் கூப்பிடுகிறார்கள். நல்லவள், திறமைசாலி, ஆனால் என் ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மறுத்துவிடுகிறாள். அந்தக் காலி இடத்தில்தான் அவளிடம் வளர்ந்த குவீரா படையோடு நுழைகிறாள். ஒழுங்கைக் கொண்டுவருகிறாள், முகாம்களையும் திறக்கிறாள், பட்டாபிஷேக நாளில் பதவியை விட மறுக்கிறாள். ஒரு கொலையும் ஒரு நல்லவளின் மறுப்பும் சேர்ந்து அடுத்த வில்லனை உண்டாக்குகின்றன. கடைசியில் இளவரசர் வூ முடியாட்சியே வேண்டாம், மக்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார். ஸஹீரின் வழி தப்பு, அவன் கேட்டதில் ஒரு பங்கு நியாயம் என்று கதையே ஒப்புக்கொள்கிறது. அமானை நம்பியவர்களுக்குக் கிடைக்காத மரியாதை இது.

இப்போது உங்கள் கதை. பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் ஆற்றிலுள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் கடைமடைக்காரர்கள் வானத்தையும் கால்வாயையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருப்பது மந்திரக்கதை இல்லை. பண்ணையார் மகன் திருப்பத்தை வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கிறது. ஆனால் அவன் அம்பலப்பட்ட இடத்தில் கதையை முடிக்காதீர்கள். அவனை நம்பிய கடைமடைக்காரர் ஒருவருக்குப் பெயர் வையுங்கள், வயல் கொடுங்கள், எத்தனை மரக்கால் விதைப்பாடு என்று முடிவு செய்யுங்கள். வில்லன் மாட்டிய மறுநாள் காலையில் அவர் மதகுக்குப் போகட்டும். அங்கே, இந்தப் பங்கீடு அநியாயம் என்று தெரிந்தும் இத்தனை வருஷம் வாய் திறக்காத ஒரு நீர்வளத் துறைக்காரர் இருக்கட்டும். சுயினைப் போல அவரும் நல்லவராகவே இருக்கட்டும். இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டு இதே பக்கத்தில் பதில் எழுதுகிறேன்.