டிசம்பரில் மட்டக்களப்பு? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு இலங்கை வருகிறோம். கண்டி பார்த்துவிட்டு மட்டக்களப்பில் மூன்று நாள் தங்க எண்ணம். பாடும் மீனைக் கேட்க வேண்டும், பாசிக்குடாவில் குளிக்க வேண்டும், எருமைத் தயிர் சாப்பிட்டு ஒரு சட்டி ஊருக்கும் கொண்டுவர வேண்டும். பார்க்கவேண்டிய இடங்களைப் பட்டியலிட்டுத் தருவீர்களா?

ரா., திருச்சி

அன்பின் ரா.,

பட்டியல் சின்னது. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை; பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீடு. கல்லடியில் தமிழறிஞர் விபுலானந்த அடிகளின் சமாதி. ஒரு ஆட்டோ பிடித்தால் அரை நாளில் முடிந்துவிடும். எங்கே போவது என்று கேட்டீர்கள். இந்த ஊருக்கு எப்போது வருவது என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் தெரிந்தெடுத்த மாதம் எனக்குச் சம்மதமில்லை.

சென்னையை நனைக்கிற அதே வடகீழ்ப் பருவமழைதான் எங்களையும் நனைக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாவி (நீங்கள் காயல் என்பீர்கள்) கலங்கி நிரம்பிக் கிடக்கும். கடலும் முரடாக இருக்கும். ‘டிசம்பரில் இலங்கை அருமை’ என்று வழிகாட்டிகள் எழுதுவது தென்மேற்குக் கரை ஊர்களான காலி, ஹிக்கடுவைப் பக்கத்துக்குப் பொருந்தும். எங்கள் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல காலம். பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் இந்த மாதங்களின் கதை.

பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் வைகாசிப் பூரணைக்குத் தள்ளிவையுங்கள். மே நடுப்பகுதிக்கும் ஜூன் நடுப்பகுதிக்கும் இடையில் வரும். பகலில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பூரணை நிலவில் கேட்கும் என்று சொல்லப்படுகிற பாடும் மீனும் கண்ணகி அம்மன் சடங்கும் ஒரே வாரத்தில் கிடைக்கும்.

பாடும் மீன் விஷயத்தில் ஏமாந்து திரும்புகிறவர்களே அதிகம். இயந்திரப் படகில் போவது முதல் பிழை. மாலை ஏழு மணிக்கே போவது இரண்டாவது. 1924இல் திறந்த பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் கல்லடியில் பக்கத்துப் பக்கமாக நிற்கின்றன. வாகன இரைச்சல் தூண் வழியே தண்ணீருக்குள் இறங்கும். இரவு பத்து மணிக்குப் பிறகு, காற்று விழுந்த நேரத்தில், துடுப்பு வலிக்கிற தோணியில் போங்கள். பாலத்தை அண்டிய பாறைகளுக்கு மேலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் ஆழ்த்தி, மறு நுனியைக் காதோடு ஒட்டவையுங்கள். பாட்டை எதிர்பார்க்காதீர்கள். தம்பூராவின் ஒரு தந்தியை எங்கோ தூரத்தில் மீட்டுவதுபோல மெல்லிய ஒலிகள் கேட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1848இல் இங்கே வந்து கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், அது ஊரி என்கிற சிறு சங்கின் சத்தம் என்று மீனவர்கள் சொன்னதாக எழுதிவைத்தார். மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. விபுலானந்தரோ அதை நீரர மகளிரின், அதாவது நீரில் வாழும் தேவதைப் பெண்களின், இசையாக்கிப் பாடிவிட்டார்.

அந்தப் பூரணையை அண்டித்தான் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு. இவற்றில் பல கோயில்கள் ஆண்டுக்கு ஒருமுறை, இந்தச் சில நாட்களுக்கு மட்டுமே கதவு திறப்பவை. கல்யாணக்கால் நடுவார்கள், நெல்லுக் குத்துவார்கள், இரவில் ‘கண்ணகி வழக்குரை’ காவியம் படிப்பார்கள். முடிவில் மதுரையை எரித்தவளின் கோபம் ஆற்றும் குளிர்த்தி. செட்டிபாளையத்திலும், அம்பாறைப் பக்கம் காரைதீவு, தம்பிலுவிலிலும் பார்க்கலாம். நாள் கோயிலுக்குக் கோயில் மாறும், உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வேட்டி எடுத்து வரட்டும். கமெராவைத் தங்குமிடத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு வருவோம். பூரணை நாள் இங்கே போயா விடுமுறை. இறைச்சிக்கடையும் மதுக்கடையும் பூட்டியிருக்கும். மீனுக்குக் குறைவில்லை. ஆனால் நிலவுக்கால நண்டு சதை வற்றியது என்பது மீன்காரர் வாக்கு. ஆகவே முருங்கையிலை போட்ட நண்டுக்கறியில் மனம் வைக்காமல் வாவி இறாலைக் கேளுங்கள். மணலை, ஓரா போன்ற மீன் கிடைத்தால் பாலாணம் வைக்கச் சொல்லுங்கள்: மிளகாய்த்தூள் இல்லாமல், பச்சைக் கொச்சிக்காயும் (பச்சை மிளகாய்) வெங்காயமும் மஞ்சளும் போட்டுத் தேங்காய்ப்பாலில் கொதிக்கும் வெள்ளைக் கறி. பாலைக் கடைசியில் விட்டு ஒரு கொதியில் இறக்க வேண்டும், பிந்தினால் திரைந்துவிடும். சிவப்பரிசிப் பிட்டுக்கு இதைவிட்டால் வேறு துணை தேடவேண்டாம். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் சாப்பிட நினைத்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தைத் தவிருங்கள்.

தயிர்ச் சட்டியை ஊருக்குக் கொண்டுபோக முடியாது. விமானத்தில் கைப்பைக்குள் தயிரை விடமாட்டார்கள்; பெட்டிக்குள் வைத்தால் சட்டி உடையும், உடையாவிட்டால் தண்ணீர் கக்கும். இங்கேயே சாப்பிடுங்கள். கரண்டியால் வெட்டினால் வெட்டிய சுவர் சரியாமல் நிற்க வேண்டும், மேலே ஆடை தடிப்பாக இருக்க வேண்டும். தேன் விட்டுச் சாப்பிடுவது இந்த ஊர் முறை. கித்துள் பனையின் பாணி மலைநாட்டுச் சரக்கு.

திருச்சியில் எருமைப் பாலும் மண்சட்டியும் கிடைக்குமே. புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு நன்றாகக் காயவையுங்கள், இல்லாவிட்டால் மண் வாடை அடிக்கும். ஒரு லீற்றர் பாலைத் தண்ணீர் கலக்காமல் சிறு தீயில் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுச் சட்டியில் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி தயிரைக் கரைத்துக் கலவுங்கள். பால் அதிகச் சூடாக இருந்தால் உறை செத்துவிடும். பிறகு ஆறேழு மணி நேரம் சட்டியை அசைக்கக்கூடாது. கெட்டித் தன்மையில் பாதி மண்ணின் வேலை. அது நீரைக் குடித்துவிடுகிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் உறையவைத்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.